வாங்கவும் தெரிய வேண்டும்

பாஸ்கா காலம் 6ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
திருத்தூதர் பணிகள் 10:25-26, 34-35, 44-48, 1 யோவான் 4:7-10, யோவான் 15:9-17



மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் காரைக்கால் அரசலாற்று முகத்துவாரத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. ஏப்ரல் 15இல் கட்டிய கயிறு, ஜூன் 14 கழிந்தபிறகுதான் அவிழும். போன வாரம் ஒரு மாலை கோட்டுச்சேரிமேட்டுப் பக்கம் நடந்து போனேன். ஒரு பூவரச மர நிழலில் இரண்டு பேர் வலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவருக்கு அறுபது வயது இருக்கும். கால் பெருவிரலில் வலையை மாட்டி, இரண்டு கையாலும் கிழிசலை விரித்துப் பிடித்திருந்தார். சின்னவர் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஆள் மாறியது. ஊசி பெரியவர் கைக்குப் போனது, சின்னவர் விரித்துப் பிடித்தார். பேச்சு அதிகம் இல்லை. யார் எத்தனை கண்ணி போட்டோம் என்று இருவரும் எண்ணவும் இல்லை. நான் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பெரியவர், “உட்காருங்க சாமி” என்று ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டார். நான் “இருக்கட்டும், இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

இந்த “இருக்கட்டும்” பற்றித்தான் இன்று உங்களோடு பேச வேண்டும்.

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் தம் சீடர்களைப் பணியாளர்கள் என்று சொல்வதை விட்டுவிட்டு, நண்பர்கள் என்று சொல்லத் தொடங்குகிறார். அதற்குச் சற்று முன்னால், தம்முடைய மகிழ்ச்சி அவர்களுக்குள் இருக்கவேண்டும், அவர்களுடைய மகிழ்ச்சி குறைவில்லாமல் இருக்கவேண்டும் என்கிறார். வீட்டுக்குப் போய் வேதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மகிழ்ச்சி 11ஆம் வசனத்தில் இருக்கிறது, நண்பர்கள் என்ற சொல் 13ஆம் வசனத்தில் வருகிறது. இடையில் இருப்பது ஒரே ஒரு வசனம். மகிழ்ச்சியாக இருக்க என்ன செய்வது சாமி என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் ஜெபம் சொல்லித் தருகிறேன், நவநாள் சொல்லித் தருகிறேன். உங்களுக்கு ஒரு நல்ல சிநேகிதர் இருக்கிறாரா என்று இதுவரை யாரையும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நண்பர்களுக்காக உயிரையே கொடுப்பதைப் பற்றியும் ஆண்டவர் இங்கேதான் சொல்கிறார். அதைக் கேட்டுக் கேட்டு, நட்பு என்றாலே கொடுப்பது என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். சினிமாக்காரர்கள் அதை இன்னும் ஊதிப் பெருக்கிவிட்டார்கள். நண்பனுக்காக உயிரைக் கொடுக்கும் வேளை நம்மில் எத்தனை பேருக்கு வரப்போகிறது? ஒரு தூக்குக் குழம்பை வாங்கிக்கொள்ளும் வேளை வாரம் ஒரு தடவையாவது வருகிறது. அதில்தான் நான் தோற்றேன்.

தவக்காலத்துக்கு முன்னால் நடந்தது. நம் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மா. அவர் வீட்டுத் துக்கத்துக்குப் போய் அடக்கச் சடங்கு நடத்திவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து, பகல் பதினொரு மணி வெயிலில், ஒரு எவர்சில்வர் தூக்கோடு பங்களா வாசலில் வந்து நின்றார். நண்டுக் குழம்பு. மூடியைத் திறக்காமலே வாசம் தெரிந்தது. நான் சொன்னது இதுதான்: “எதுக்கும்மா உங்களுக்கு இந்தச் சிரமம்? எனக்கு ஆள் வந்து சமைச்சு வைச்சிட்டாங்க. கொண்டுபோய்ப் பிள்ளைங்களுக்குக் கொடுங்க. இருக்கட்டும்.” நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தூக்கைக் கை மாற்றிக்கொண்டு திரும்பிப் போனார். என்னிடம் அவர் பெற்றுக்கொண்டது பெரியது, நான் அவரிடம் பெற்றுக்கொள்ள எதுவும் இல்லை என்று அந்த வாசலில் வைத்துச் சொல்லாமல் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இந்த ஞாயிறு வாசகங்களைத் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

முதல் வாசகத்தைப் பாருங்கள். செசரியா ஒரு கடற்கரைப் பட்டணம். கொர்னேலியு அங்கே நூறு பேருக்குத் தலைவரான உரோமைப் படைவீரர். நம் ஊர் வழக்கில் சொன்னால், ஒரு பெரிய சொல்தா. பேதுரு வீட்டுக்குள் நுழைகிறார், கொர்னேலியு காலில் விழுகிறார். பேதுரு அவரைத் தூக்கி நிறுத்தி, தானும் ஒரு மனிதன்தான் என்கிறார். இதை நாம் தாழ்ச்சி என்று மட்டும் வாசிக்கிறோம். நட்பு தொடங்கும் இடமும் அதுதான். ஒருவர் காலடியிலும் மற்றவர் மேடையிலும் இருக்கும் வரை அங்கே பக்தி இருக்கலாம், உதவி இருக்கலாம், சிநேகிதம் இருக்க முடியாது.

வாசகத்தின் கடைசி வரியை நாம் காதில் வாங்குவதே இல்லை. போதனை முடிந்தது, தூய ஆவி இறங்கினார், திருமுழுக்கும் ஆயிற்று. பிறகு அந்த வீட்டார் பேதுருவைச் சில நாள் தங்கிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். யூதர் வேற்றினத்தார் வீட்டுப் படியேறுவதே தப்பு என்றிருந்த காலம். பேதுரு அங்கே தங்கினார், அவர்களோடு உட்கார்ந்து உண்டார். எருசலேமுக்குத் திரும்பியதும் அவர்மேல் வந்த முதல் புகார் அதுதான். அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது. ஏன் திருமுழுக்குக் கொடுத்தாய் என்று அவரை யாரும் கேட்கவில்லை. ஏன் அவர்களோடு சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். அதற்கும் முன்பு யோப்பாவில் அவர் தங்கியிருந்தது, கடலோரத்தில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில். நாற்றம் பிடித்த தொழில், ஊரார் ஒதுக்கிய தொழில். பேதுரு எங்கே போனாலும் யாராவது போட்ட பாயில் படுத்தார், யாராவது வைத்த சோற்றைத் தின்றார். காரைக்கால் மாங்கனித் திருவிழாவில், மாடியிலிருந்து வீசும் மாம்பழத்தை எட்டிப் பிடிக்கிற கையிடம் நீ எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. நீட்டிய கைக்குப் பழம் கிடைக்கிறது.

ஆண்டவரும் அப்படித்தான் இருந்தார். தம் பொதுவாழ்வு முழுக்க அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். பேதுருவிடம் படகு கேட்டார். எருசலேமுக்குள் நுழையக் கழுதைக்குட்டி கேட்டார். பாஸ்கா விருந்துக்கு இடம் கேட்டார். கெத்சமனியில் கூட விழித்திருக்கும்படி மூன்று நண்பர்களைக் கேட்டார், அவர்கள் தூங்கிவிட்டார்கள். உயிர்த்தெழுந்த பிறகும் அவருக்கு இந்தப் பழக்கம் போகவில்லை. திபேரியாக் கடலோரத்தில் விடியற்காலை நடந்ததைக் கடற்கரைக்காரர்களான நீங்கள்தான் சரியாகப் புரிந்துகொள்வீர்கள். சீடர்கள் கரையேறும்போதே அங்கே கரி நெருப்பு மூட்டியிருக்கிறது, அதன்மேல் மீன் வெந்துகொண்டிருக்கிறது, பக்கத்தில் அப்பமும் இருக்கிறது. சமையல் தயார். ஆனாலும் அவர், நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டு வாருங்கள் என்கிறார். தேவைக்குக் கேட்கவில்லை. அவர்கள் மீனும் அந்த நெருப்பில் சேர வேண்டும் என்று கேட்டார். நானாக இருந்தால், “எனக்கு இருக்கு, நீங்க எடுத்துப் போங்க” என்று சொல்லியிருப்பேன்.

பிரியமானவர்களே, நம் வீடுகளில் மொய் நோட்டு இருக்கிறது. கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு, நீள நோட்டில் பெயர், ஊர், தொகை என்று கோடு போட்டு எழுதுகிறோம். அதில் தப்பு இல்லை. கஷ்டப்பட்ட குடும்பங்கள் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கக் கண்டுபிடித்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அந்த நோட்டை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு சிநேகிதம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் மூன்று தடவை போன் பண்ணினேன், அவன் ஒரு தடவைகூடப் பண்ணவில்லை. அவள் மகன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் ராத்திரி முழுக்க இருந்தேன், என் மகளுக்கு அவள் வரவில்லை. இப்படி எழுதி எழுதி ஒருநாள் கூட்டிப் பார்த்தால் எல்லாரும் கடன்காரர்களாகவே தெரிவார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. அழைப்பிதழின் அடியில் அன்பளிப்பைத் தவிர்க்கவும் என்று அச்சடிப்பவர்கள். பெருந்தன்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாழ்க்கை முழுவதையும் அப்படி அச்சடித்து வைத்திருக்கிறவரோடு யாரால் நெருங்க முடியும்? அவருக்கு எல்லாரும் கடன்பட்டிருப்பார்கள், அவர் யாருக்கும் படமாட்டார். கணக்குப் பார்க்கிற முதல் ஆளைவிட இந்த இரண்டாம் ஆளைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். ஏனென்றால் அவர் தன்னை நல்லவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். குருக்களாகிய நாங்கள் பெரும்பாலும் அந்த வகை.

நம் பாட்டிமார் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒரு கைப்பிடி சர்க்கரையோ, நாலு கத்தரிக்காயோ, கொல்லையில் பறித்த முருங்கைக் கீரையோ போட்டுத்தான் அனுப்புவார்கள். வந்தது அதிரசம், போனது கீரை. விலைக்கு விலை பொருந்தாது. பாத்திரம் மட்டும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும்.

இப்படிக் கொடுத்தும் வாங்கியும் வாழ்ந்தவர்கள் புனிதர்களிலும் உண்டு. 1529இல் பாரிஸ் நகரத்தில், சாந்த் பார்ப் கல்லூரியில், மூன்று பேர் ஒரே அறையில் தங்கினார்கள். பீட்டர் ஃபாபருக்கும் பிரான்சிஸ் சவேரியாருக்கும் வயது 23. மூன்றாமவர் இஞ்ஞாசியார், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், காலில் குண்டடிபட்ட பழைய போர்வீரர். அந்த வயதில் அவர், தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான ஃபாபரிடம் அரிஸ்டாட்டில் பாடம் கேட்டுப் படித்தார். பதிலுக்கு, மனக்குழப்பத்தில் தவித்துக்கொண்டிருந்த ஃபாபருக்கு ஆன்ம காரியத்தில் வழிகாட்டினார். சவேரியாருக்குப் பணமுடை வந்தபோது கைகொடுத்தார், அவர் வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்துவிட்டார். ஒருவர் பாடப் பிழை திருத்துகிறார், இன்னொருவர் வாழ்க்கைப் பிழை திருத்துகிறார். இயேசு சபை இந்த அறையில் முளைத்தது என்று வரலாற்றில் படிக்கிறோம். பெரியவர் சின்னவரிடம் பாடம் கேட்கச் சம்மதித்ததால் முளைத்தது என்று நான் சேர்த்துச் சொல்வேன்.

அந்தச் சவேரியார் 1545இல் நாகப்பட்டினத்தில் தங்கிவிட்டு மயிலாப்பூருக்குப் போனார். எப்படியும் நம் கரையை ஒட்டித்தான் வடக்கே போயிருக்க வேண்டும். மறு ஆண்டு அவர் கிழக்கே வெகு தூரத்தில், அம்போன் தீவில் இருந்தார். ஐரோப்பாவிலிருந்த நண்பர்களின் கடிதங்களிலிருந்து அவர்கள் கைப்பட எழுதிய பெயர்களைக் கத்தரித்து, உடம்போடு வைத்துக்கொண்டு திரிவதாக அங்கிருந்து எழுதினார். ஆயிரக்கணக்கான பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்த கை அது. அந்தக் கைக்கும் பிடித்துக்கொள்ள நாலு காகிதத் துண்டு தேவைப்பட்டது. அதை எழுதிச் சொல்லவும் அவர் வெட்கப்படவில்லை.

எல்லா நட்பும் இப்படி நேர்க்கோட்டில் போகாது. சனவரி 2ஆம் தேதி ஒரே நாளில் நாம் விழாக் கொண்டாடும் இரண்டு புனிதர்கள், பெரிய பசிலியாரும் நசியான்சு கிரகோரியாரும். ஏதென்சில் ஒன்றாகப் படித்தவர்கள், ஈருடல் ஓருயிர் என்போமே அப்படிப் பழகியவர்கள். பசிலியார் 370இல் செசரியாவுக்கு ஆயர் ஆனார். (முதல் வாசகத்து செசரியா வேறு, இது கப்பதோக்கியாவில் உள்ளது.) இரண்டு ஆண்டில் பேரரசர் அந்த மாநிலத்தை இரண்டாகப் பிரித்துவிட, பசிலியாருக்குத் தன் பக்கத்தைப் பலப்படுத்த ஆயர்கள் தேவைப்பட்டார்கள். சாசிமா என்ற ஊருக்கு நண்பரை ஆயராக்கினார். தண்ணீர் இல்லாத, வண்டிகள் கிளப்பும் புழுதியே வாழ்வான சாலைச் சந்திப்பு. கிரகோரியார் அந்தப் பொறுப்பை ஏற்கப் போகவே இல்லை. தன்னைக் காயாக நகர்த்திவிட்டதாக நொந்துபோனார். 379இல் பசிலியார் இறந்தார். பிறகு கிரகோரியார் அவர் நினைவாக ஆற்றிய நீண்ட உரையில் ஏதென்சு நாள்களையும் சொன்னார், சாசிமாவையும் சொன்னார். புனிதர் ஆகிவிட்டவரின் புகழுரையில் அந்த வடுவை மூடி மறைக்கவில்லை; வடு இருந்ததற்காகப் பாசத்தையும் மறைக்கவில்லை. நண்பரைக் கருவியாக்கினால் புனிதர்களுக்கு நடுவிலும் உடையும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். உங்கள் சிநேகிதர் உங்களை எப்போதும் ஒரு காரியத்துக்காக மட்டுமே கூப்பிடுகிறாரா? அதை அவரிடமே சொல்லுங்கள். நாலு பேரிடம் சொல்லாதீர்கள்.

இங்கே இன்னொன்றையும் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். வாங்கவும் தெரிய வேண்டும் என்றதும், கொடுத்ததையெல்லாம் வாங்கிவிட வேண்டும், கேட்டதையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். நம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் சாராயக் கடை சட்டப்படியே திறந்திருக்கிறது. சனிக்கிழமை மாலை பூவம் எல்லையைத் தாண்டி எத்தனை மோட்டார் சைக்கிள்கள் வருகின்றன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நண்பன் ஊற்றிக் கொடுத்தான் என்று குடிக்கத் தொடங்கியவர்களின் மனைவிமார் என்னிடம் வந்து அழுகிறார்கள். அந்த நண்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தானா என்று கேட்டால் பதில் இல்லை. அதேபோல ஜாமீன் கையெழுத்து. நீதிமொழிகள் நூல் மூவாயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த ஞானத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. அடுத்தவர் கடனுக்குப் பிணை நிற்காதே என்று அதில் ஒரு தடவைக்கு மேல் எச்சரிக்கை இருக்கிறது. வீட்டு நகையை அடகு வைத்துக் காக்கும் நட்பு, நகையோடு போய்விடும். வள்ளுவர் நட்புக்கென்று வரிசையாக ஐந்து அதிகாரம் எழுதினார். அவற்றில் இரண்டு தீ நட்பும் கூடா நட்பும். ஐந்தில் இரண்டு பங்கு எச்சரிக்கை!

ஆண்களுக்காவது டீக்கடை பெஞ்சு இருக்கிறது. நம் பெண்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். பள்ளிக்கூடத்தில் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்ட தோழி எங்கே அம்மா என்று ஐம்பது வயதுப் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். பொறையாரில் கட்டிக் கொடுத்தார்கள் சாமி, அப்புறம் தொடர்பே இல்லை என்பார். பொறையார் எங்கே இருக்கிறது? நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். கல்யாணம் ஆனதும் கணவனின் நண்பர்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள், மனைவியின் தோழிகள் காணாமல் போய்விடுகிறார்கள். இது யார் போட்ட சட்டம்? எந்த வேதத்திலும் இல்லை. கணவன்மாரே, இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஒருநாள் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி பஸ் ஏறிப் போய் ஒரு பகல் முழுக்கத் தோழியோடு பேசிவிட்டு வரட்டும்.

அடுத்து, வெறிச்சோடிக் கிடக்கும் வீடுகள். பிரான்சு காரைக்காலை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிசைச் சுற்றி இருக்கிறார்கள். நிறையப் பேர் வளைகுடாவில். இங்கே தாத்தாவோ பாட்டியோ தனியாக. பணத்துக்குக் குறை இல்லை, வீடியோ காலும் தினம் வருகிறது. ஆனால் சாயங்காலம் திண்ணையில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938இல் தொடங்கி இன்றுவரை ஓர் ஆய்வை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். 268 கல்லூரி மாணவர்கள், பாஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிகளில் வளர்ந்த 456 பையன்கள், இவர்கள் வாழ்க்கையை வயதாகும்வரை பின்தொடர்ந்தார்கள். முதுமையில் யார் உடலும் மனமும் நன்றாக இருக்கிறார்கள் என்று பார்த்தால், பணமோ புகழோ முதலில் வரவில்லை. ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள் எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025இல் சொன்னது: உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார். நம் கோயிலில் இன்று ஒரு பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அந்த ஒருவரிடம் உதவிப் பொட்டலம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது அவருக்கு நிறையக் கிடைக்கிறது. அவரிடம் ஏதாவது கேளுங்கள். பாட்டி, உங்கள் ஊறுகாய் எப்படிப் போடுவது என்று கேளுங்கள். தாத்தா, சாய்கோனில் நீங்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த கதையைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் கேளுங்கள், அவர் ஊற்றித் தருகிற காப்பியைக் குடியுங்கள். சர்க்கரை கூடிவிட்டால் கூடிவிட்டுப் போகிறது.

நான் கோட்டுச்சேரிமேட்டுக்கு நாளைச் சாயங்காலம் மறுபடியும் போகிறேன். அந்தப் பூவரச மரத்தடியில் கூடை இருந்தால் உட்காரப் போகிறேன். இன்னொன்று. அந்த அம்மா இன்றைக்குக் கோயிலுக்கு வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் இருப்பதைப் பீடத்திலிருந்தே பார்த்துவிட்டேன். பெயர் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த மாட்டேன். அம்மா, அன்றைக்கு நான் பேசியது தப்பு. தடைக்காலத்தில் நண்டு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். கருவாட்டுக் குழம்பாக இருந்தாலும் போதும். புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு நான் பங்களாவில் இருப்பேன். தூக்கு வெறுமையாகத் திரும்பாது, கொல்லையில் முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறது.